ஆறாம் நம்பர் மலையில் பன்னிரண்டு பேர்

ஹல்துமுல்லையில் இருந்த ஒரு மலையைக் காணவில்லை.

திருடியவன் அலவி. ஆயுதம், சவரம் செய்கிற பிளேடு. தடயம் எதுவும் இல்லை. திருடிய மலையை அவன் முப்பது மைலுக்கு அப்பால், பதுளைப் பக்கத்து ஆர்டன்வெளித் தோட்டத்துக்குப் பின்னால் நிறுத்திவைத்து, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் மூடுபனியையும் தெளித்துவிட்டான். பொலிசில் யாரும் முறைப்பாடு செய்யவில்லை. ஏனென்றால் நடந்ததெல்லாம் ஒரு மேசையின் மேல், இரண்டரை அடி அகலமான காகித அட்டையில்.

அலவிக்குப் பதுளை பஜாரில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. வயிற்றுப்பாட்டுக்கு அடையாள அட்டைப் படமும் கல்யாணப் படமும் எடுத்தான். ஆசைக்கு இடங்களைச் செய்தான். ஆமாம், எடுப்பதில்லை, செய்வான். ஒரு மலை, வேறொரு ஆறு, இன்னொரு நாள் வந்த மேகம் என்று தனித்தனியாகப் பிடித்து, இருட்டறையில் வேண்டிய அளவுக்குப் பெருப்பித்து, கத்தரித்து, ஓரங்களைப் பின்பக்கம் உப்புத்தாளால் தேய்த்து மெல்லிசாக்கி ஒட்டுவான். ஒட்டியதை மறுபடி பெரிய கெமராவால் ஒரே படமாக எடுப்பான். ஒட்டு தெரிகிற இடத்தில் பஞ்சையும் வெள்ளைச் சாயத்தையும் தொட்டுப் பனியைப் படர விடுவான். பதுளையில் விழுகிற பனியைவிட அலவியின் படங்களில் விழுகிற பனி அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு.

அந்த இருட்டறைக்குத்தான் இப்போது ஆபத்து.

அறை அலவியின் மாமனார் மொஹிதீன் ஹாஜியாருக்குச் சொந்தம். முன்னால் அவருடைய புடைவைக் கடை, பக்கத்தில் ஸ்டூடியோ, பின்னால் அந்த அறை. நோன்புப் பெருநாள் கிட்டிவிட்டது. கொழும்பிலிருந்து பொதி பொதியாக, ஆண்கள் இடுப்பில் கட்டும் சாரம் வந்து இறங்க இருக்கிறது. வைக்க இடமில்லை.

"மருமகன்," என்றார் ஹாஜியார் ஒரு நாள், அறை வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு. "இந்த நாத்தம் புடிச்ச தண்ணிக்கு ஒரு ரூம். எண்ட சாரத்துக்கு ரூம் இல்ல. இது என்ன நியாயம்?"

"மாமா, ஆர்டன்வெளிப் பெரிய தொரைக்குப் படம் செய்றேன். தோட்டத்துச் சனம் எல்லாம் சேர்ந்து குடுக்கிற பிரியாவிடைப் பரிசு. இது மட்டும் சரி வந்தா, எல்லாத் தோட்டமும் எங்கட வாசலுக்குத்தான் வரும்."

ஹாஜியார் ஆர்டன்வெளிக்கு வருடா வருடம் கம்பளி விற்பவர். துரை பொருள் பார்ப்பதில் எமகாதகர் என்பது அவருக்குத் தெரியும். இருபது கம்பளியில் ஒன்றில் ஒரு இழை விட்டுப்போயிருந்தால், அந்த ஒன்றைத்தான் முதலில் இழுப்பார்.

"அப்ப சரி," என்றார். "தொரை அந்தப் படத்தத் தன்னோட சீமைக்கு எடுத்துக்கிட்டுப் போனா, ரூம் ஒனக்கு. வெச்சிட்டுப் போனா, ரூம் சாரத்துக்கு."

அலவி சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அவனுக்கு அந்தப் படத்தில் அவ்வளவு நம்பிக்கை.

ஓடர் கொண்டுவந்தவர் ஆர்டன்வெளிப் பெரிய கிளாக்கர் அற்புதராஜ். ஓடர் என்று சொல்வதைவிடக் கல்யாணச் சமையல் பட்டியல் என்று சொல்லலாம். "பெக்டரி இருக்கணும். பங்களா இருக்கணும். ஆறு தெரியணும். தொரை சின்னத் தொரையா வேலைக்குச் சேர்ந்தது ஹல்துமுல்லையில, அந்த மலையும் பின்னால நிக்கணும். அப்புறம் நம்ம சனங்க வேலை செய்யணும்."

"இதெல்லாம் ஒரே எடத்தில நிண்டு பார்த்தா தெரியுமா, ஐயா?"

"தெரிஞ்சா நான் ஏன் ஒங்ககிட்ட வாறேன்? காமராவத் தூக்கிக்கிட்டு நானே ஏறியிருக்க மாட்டேனா?"

அந்தப் பேச்சு அலவிக்குப் பிடித்துப்போனது. மூன்று வாரம் தோட்டம் தோட்டமாக அலைந்தான். படத்தின் கீழ்ப்பாதிக்கு அவன் தேர்ந்தெடுத்தது ஆர்டன்வெளியின் ஆறாம் நம்பர் மலை. என்ன அழகு! வரிசை வரிசையாகத் தேயிலைச் செடிகள், ஒவ்வொரு கிளையும் வெள்ளிக் கம்பிபோலத் தனித்தனியாகத் தெரிந்தது. மற்ற மலைகளெல்லாம் வெறும் பச்சைப் பாய், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சாம்பல். இது மட்டும் கோலம் போட்டதுபோல இருந்தது. அதன்மேல், தன்னிடமிருந்த நானூறு நெகட்டிவ்களில் தேடி, கூடை சுமந்த பன்னிரண்டு பெண்களைச் சுண்டுவிரல் உயரத்தில் வெட்டி ஒட்டினான்.

புதன்கிழமை வேலை முடிந்தது. ஞாயிறு மாலை பிரியாவிடை.

வியாழக்கிழமை காலை செசிலி வந்தாள்.

செசிலி ஸ்டூடியோவில் படங்களைத் திருத்துகிறவள், சாயம் தீட்டுகிறவள். முப்பது வயது. அப்பா மாணிக்கராஜுக்கு ஆர்டன்வெளியில் வேலை. அவள் தினமும் அங்கே தொழிலாளர் குடியிருக்கிற லயத்திலிருந்துதான் பஸ் ஏறி வருவாள். கன்னியாஸ்திரிகளிடம் மாதா சுரூபத்துக்குச் சாயம் பூசிப் பழகிய கை. அதனால் பதுளையில் எந்தச் சாதி, எந்த மதத்துக் கல்யாணப் பெண்ணுக்கும் படத்தில் ஒரே கன்னம்தான். பண்டாரவளையில் சித்தி மகள் கல்யாணத்துக்கென்று ஐந்து நாள் லீவில் போயிருந்தவள், பையை மாட்டிவிட்டுப் படத்தின் முன்னால் வந்து நின்றாள்.

அலவி பாராட்டுக்குத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டான்.

செசிலி குனிந்து பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அப்படியே பின்னால் நகர்ந்து, கல்யாண ஜோடிகள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க மொதலாளி. இந்தப் பொம்பளைங்க என்ன செய்றாங்க?"

"கண்ணு தெரியலியா? கொழுந்து எடுக்குறாங்க."

"எதில இருந்துங்க?"

அலவி படத்தைப் பார்த்தான். செசிலியைப் பார்த்தான். "செடியில இருந்து."

"செடியில எல எங்கங்க?"

"அது... குளிருக்குக் கொட்டீக்கும்."

"குளிருக்கு எல கொட்ட இது என்ன சீமையா?" செசிலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது கவ்வாத்து வெட்டின மலை மொதலாளி. மூணு நாலு வருசத்துக்கு ஒருக்கா, செடிய முழங்கா ஒசரத்துக்கு மொட்டையா வெட்டி விடுவாங்க. மூணு மாசத்துக்கு அங்க ஒரு கொழுந்து கெடைக்காது. பொம்பளைங்க அந்தப் பக்கமே போக மாட்டாங்க. நீங்க பன்னெண்டு பேரக் கூடையோட ஏத்தி விட்டிருக்கீங்க. வெறகு பொறுக்கவா?"

அலவி படத்தின் மேல் குனிந்தான். "தொரை கவனிப்பாரா?"

"ஆறாம் நம்பர் மலை அவரு பங்களாவுக்கு நேரே இருக்கு. காலையில பல்லு வெளக்குறப்ப அதத்தான் பார்ப்பாரு."

"ஹல்துமுல்ல மலையத் தூக்கிக் கொண்டாந்து வெச்சீக்கேன். அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இதுக்குச் சொல்லுவாரா?"

"மலைய எங்க வேணும்னாலும் வைக்கலாம். அது ஆசைக்கு வச்சது, எல்லாருக்கும் புரியும். மொட்டச் செடியில கொழுந்து வைக்க முடியுமா? தொரை சிரிப்பாரு. தொரை சிரிச்சா கிளாக்கர் ஐயா சிரிப்பாரு. அப்புறம் காலையில பேர் குடுக்கப் பெரட்டுக் களத்தில நிக்கிற மொத்தத் தோட்டமும் சிரிக்கும்."

தோட்டம் சிரித்தால் சாரம் உள்ளே வரும். அலவி கணக்கை முடித்துவிட்டான்.

மலையை மாற்றலாமா? முடியாது. கீழ்ப்பாதி முழுவதும் அதுதான். மறுபடி போய் வேறு மலை எடுக்கலாமென்றால், மூன்று நாளாக ஒரே மழை மூட்டம். பெண்களைத்தான் மாற்ற வேண்டும்.

"கவ்வாத்து வெட்டுற ஆம்பளைங்கள வைங்க," என்றாள் செசிலி. "சரியா இருக்கும்."

அலவி நெகட்டிவ் பெட்டிகளைக் கவிழ்த்தான். கொழுந்து எடுக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள், நிமிர்கிறார்கள், கூடையைச் சரிசெய்கிறார்கள். கவ்வாத்து வெட்டுகிறவன் ஒருவன்கூட இல்லை.

"நானூறில ஒருத்தர் இல்லீங்களா?"

"யாரும் கேக்கல்லியே!"

"பாவம் எங்கப்பா," என்றாள் செசிலி. "முப்பது வருசமா கத்தி புடிக்கிறாரு. ஒரு கூடை மாட்டியிருந்தா கலண்டர்ல வந்திருப்பாரு."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். அலவியும் அவளைப் பார்த்தான்.

"ஒங்கட வாப்பா கவ்வாத்து வெட்டுறவரா?"

"ஆமாங்க. நாளைக்கிக் காலையில இங்கதான் வாறாரு. ஆஸ்பத்திரியில பல்லு புடுங்க."

வெள்ளிக்கிழமை. அதிசயமாக மழை விட்டிருந்தது. காலை ஒன்பதரைக்கு மாணிக்கராஜ் ஸ்டூடியோவுக்கு வந்தார். வாய்க்குள் ஒரு கட்டுப் பஞ்சு, தாடையைச் சுற்றித் துண்டு. ஒரு கன்னம் மாங்காய் அளவு வீங்கியிருந்தது. ஞாயிறு மத்தியானம்வரை வாயைத் திறந்து பேசக் கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

செசிலி விஷயத்தைச் சொன்னாள். மாணிக்கராஜ் "ம்ம்" என்றார். அது சம்மதமா வலியா என்று தெரியவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மலையில் வெயில் இடப்பக்கமிருந்து அடித்திருந்தது. அதே வெயில் வேண்டும். கடைக்குப் பின்னாலிருந்த முற்றத்தில் காலை பத்து மணிக்கு அது கிடைத்தது. மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்கு அலவி பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். அதற்குள் பன்னிரண்டு மனிதர்கள் தயாராக வேண்டும்.

செடிக்குப் பதில் ஒரு முக்காலி. கவ்வாத்துக் கத்திக்குப் பதில், கடையிலிருந்து எடுத்த சட்டை மாட்டும் கம்பியை வளைத்துக் கொடுத்தார்கள். கத்தியை அப்புறம் செசிலி தீட்டிக்கொள்வாள். இடுப்பில் சுற்ற ஒரு சாக்கு. மாணிக்கராஜ் முக்காலியின் முன்னால் குனிந்தார்.

குனிந்தவர் நிமிர்ந்தார். கம்பி பிடித்த கையைத் தூக்கி அலவியிடம் காட்டினார். "ம்ம்? ம்ம்ம்?" மற்றக் கையையும் தூக்கிக் காட்டினார்.

"என்னவாம்?" என்றான் அலவி.

"கை வலிக்குதுன்னு நெனக்கிறேன். பல்லு புடுங்குனா எல்லா எடமும் வலிக்கும்," என்றாள் செசிலி. "அப்பா, கொஞ்ச நேரம்தான். வெட்டுங்க."

மாணிக்கராஜ் வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். வெட்ட ஆரம்பித்தார்.

அப்புறம் வேலை சூடு பிடித்தது. தலைப்பாகையோடு ஒன்று. அது இல்லாமல் ஒன்று. அலவியின் சட்டையைப் போட்டு ஒன்று. கம்பளியைப் போர்த்தி ஒன்று. முழுக்கக் குனிந்து, அரைவாசி குனிந்து, செடியைச் சுற்றி அடுத்த பக்கம் வந்து, ஒரு காலை மேட்டில் வைத்து. மேட்டுக்கு, முதலில் வந்து இறங்கிய சாரப் பொதி ஒன்று.

ஏழாவது மனிதன் முடிகிற நேரத்தில் ஹாஜியார் முற்றத்துக்கு வந்தார். தன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தன் பொதியில் காலை வைத்து, முகம் வீங்கிய ஒரு மனிதர் தன் முக்காலியைச் சட்டைக் கம்பியால் வெட்டிக்கொண்டிருப்பதைச் சிறிது நேரம் பார்த்தார்.

"மருமகன், இவரு என்ன செய்றாரு?"

"கவ்வாத்து வெட்டுறாரு, மாமா."

"எண்ட முத்தத்திலயா?"

"ஆர்டன்வெளியில."

ஹாஜியார் மாணிக்கராஜைப் பார்த்தார். மாணிக்கராஜ் "ம்ம்" என்று சலாம் வைத்தார். "யா அல்லாஹ்," என்று சொல்லிவிட்டு ஹாஜியார் கடைக்குத் திரும்பினார். அறையின் நீள அகலத்தை அன்று அவர் கண்ணாலேயே அளந்தாராம். கடைச் சிப்பந்திகள் பிறகு சொன்னார்கள்.

தொழுகை முடிந்து வந்ததும் அலவி இருட்டறைக்குள் புகுந்தவன்தான். சிவப்பு விளக்கின் கீழ் மாணிக்கராஜ் ஒவ்வொருவராக மருந்துத் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தார். தூரத்துக்குச் சின்னவர், கிட்டத்துக்குப் பெரியவர். செசிலி வெட்டினாள், தேய்த்தாள், முகங்களை மாற்றினாள். ஒருவருக்கு மீசை. இன்னொருவருக்குத் தாடி. ஒருவருக்கு வயதைக் கூட்டினாள், ஒருவருக்குக் குறைத்தாள். வீங்கிய கன்னத்தைப் பன்னிரண்டு முறை வற்றவைத்தாள். கம்பி இருந்த இடத்தில் வளைந்த கத்தி மின்னியது. பெண்கள் போன இடம் தெரியாமல் ஆண்கள் மறைத்துக்கொண்டார்கள். இரண்டு கூடை மட்டும் அடம்பிடித்தன. அவற்றின்மேல் பனி இறங்கியது.

சனிக்கிழமை மாலை, சட்டம் போட்ட படத்தின் முன் இருவரும் நின்றார்கள்.

"பன்னெண்டு பேரும் பன்னெண்டு ஆள்தான்," என்றான் அலவி. "பெத்த மகள், நீங்களே சொல்லுங்க. ஒங்கட வாப்பா எங்க?"

"எனக்கே தெரியலீங்க," என்றாள் செசிலி. உண்மையைத்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. ஆர்டன்வெளிப் பாடசாலைக் கட்டடத்தில் காகிதத் தோரணம். மாலைகள், வாழ்த்துப் பா, கேக். முன்வரிசையில் கம்பளி வியாபாரி என்ற முறையில் மொஹிதீன் ஹாஜியார். பின்னால் சுவரோடு சுவராக அலவி. செசிலி பெண்கள் பக்கத்தில். கடைசி வரிசையில், வீக்கம் வற்றாத கன்னத்தோடு மாணிக்கராஜ்.

கிளாக்கர் அற்புதராஜ் துணியை விலக்கினார். கூட்டம் "ஓ!" என்றது.

பெரிய துரை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். பங்களாவைப் பார்த்துத் தலையாட்டினார். ஆற்றைப் பார்த்தார். ஹல்துமுல்லை மலையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு கிளாக்கரிடம், "இது எப்ப நடந்து வந்தது?" என்றார், தோட்டத்தில் பழகிய தமிழில். எல்லோரும் சிரித்தார்கள்.

விரல் கீழே இறங்கியது. "ஆறாம் நம்பர். கவ்வாத்து மலை. நல்லது. எல்லாரும் பொம்பளைதான் வைப்பான். இவன் சரியா வச்சான்."

செசிலி அலவியைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அலவி பார்க்காததுபோல இருந்தான்.

துரை திரும்பப் போனவர், நின்றார். மறுபடி குனிந்தார். விரல் ஒரு மனிதனில் நின்றது. அடுத்த மனிதனுக்குப் போனது. அடுத்தவனுக்கு. பன்னிரண்டு பேரையும் தொட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"மாணிக்கராஜ்!"

ஹாஜியார் மெல்லத் திரும்பி மருமகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சாரப் பொதிகள் வரிசையாக அறைக்குள் போய்க்கொண்டிருந்தன.

மாணிக்கராஜ் முன்னால் வந்தார்.

"கவ்வாத்துக் கத்தி எந்தக் கையில பிடிக்கிற?"

மாணிக்கராஜ் கையைத் தூக்கினார். இடக்கை.

செசிலி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறந்த நாள் முதல் பார்த்த கை. சோறு பிசைவதைத் தவிர எல்லாவற்றையும் அப்பா இடக்கையால்தான் செய்வார். அவளுக்கு ஆண்பிள்ளை கத்தி பிடிப்பது என்றாலே அப்படித்தான். பன்னிரண்டு முகத்தை மாற்றியவளுக்கு ஒரு கைகூட வித்தியாசமாகத் தெரியவில்லை. பஜாரில் பிறந்த அலவிக்கோ எந்தக் கையும் கைதான்.

"முப்பது வருசம் இந்தத் தோட்டத்தில ஒரே ஒரு எடக்கைக்காரன்," என்றார் துரை. "எல்லா மலையிலயும் இவன் வெட்டு தனியாத் தெரியும். இங்க பன்னெண்டு எடக்கை. தாடி வச்ச எடக்கை. மீசை வச்ச எடக்கை." கிளாக்கர் பக்கம் திரும்பினார். "என்ன இது?"

கிளாக்கர் அலவியைப் பார்த்தார். எல்லோரும் அலவியைப் பார்த்தார்கள். அலவி சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான்.

பதில் வந்தது மாணிக்கராஜிடமிருந்து. மூன்று நாள் மூடியிருந்த வாய். "தொரைகளே, நான் கேட்டேங்க. கைய மாத்திப் புடிக்கவா, எல்லாம் எடக்கையா இருந்தா நல்லாருக்காதேன்னு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினேங்க. வாயில பஞ்சு. மகளுக்கும் வெளங்கல, மொதலாளிக்கும் வெளங்கல. வெட்டுங்கன்னாங்க, வெட்டினேன்."

துரையின் தோள் முதலில் அசைந்தது. பிறகு வயிறு. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து ஆர்டன்வெளி பார்த்ததில்லை. துரை சிரித்ததும் கிளாக்கர் சிரித்தார். செசிலி சொன்னபடியே மொத்தத் தோட்டமும் சிரித்தது. மாணிக்கராஜ் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். சிரித்தால் வலிக்கும்.

ஹாஜியார் எழுந்தார். வியாபாரிக்குக் கணக்கு உடனே முடிய வேண்டும். "தொரை," என்றார் பணிவாக, "படம் புடிக்கல்லன்னா எங்கட ஆளு திருப்பி எடுத்துக்குவாரு."

"எடுக்கிறதா?" துரை படத்தின் மேல் கையை வைத்தார். "கப்பல்ல இது என் கேபின்ல வரும். அங்க வீட்டுச் சுவரில மாட்டுவேன். பார்க்கிறவன் மலை நல்லது, ஆறு நல்லதுன்னு சொல்வான். யாருக்கும் தெரியாது. நான் மட்டும் பார்த்துச் சிரிப்பேன்." மாணிக்கராஜின் தோளில் தட்டினார். "பன்னெண்டு மாணிக்கராஜ் இருந்தா நான் தோட்டத்த விட்டே போக மாட்டேன், தெரியுமா?"

"ஒருத்தனுக்கே கம்பளி பத்தலீங்க, தொரைகளே," என்றார் மாணிக்கராஜ். ஹாஜியார் சட்டென்று தோரணத்தைப் பார்த்தார்.

திரும்பும்போது ஹாஜியாரின் காரில் அலவியும் செசிலியும் வந்தார்கள். செசிலிக்கு அன்றிரவு ஸ்பிரிங்வெளி வளைவில் இன்னொரு சித்தி வீட்டில் இறங்க வேண்டும். வளைவுக்கு இன்னும் தூரம் இருந்தது. அலவி அறையைப் பற்றிக் கேட்கவில்லை. மாமனாரைத் தூண்டிப் பேசவைக்கிற மருமகன் இன்னும் பிறக்கவில்லை.

ஹாஜியாரே தொண்டையைச் செருமினார். "மருமகன்."

"சொல்லுங்க மாமா."

"எங்கட கடை வாசல்ல பெருநாள் சனம் நெருக்கியடிச்சி நிக்கிற மாதிரி ஒரு படம் செய்ய ஏலுமா? கலண்டருக்கு."

"ஏலும். ஆனா சனம் வேணுமே."

"சனம் எங்க வருது? நாலு பேரு ஒண்டா வந்தாலே பெரிய விசயம்." ஹாஜியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த மனுசன் ஒருத்தரே பன்னெண்டு பேரா நிண்டாரே. அப்படி..."

"அப்பாவக் கூட்டிக்கிட்டு வரவாங்க?" என்றாள் செசிலி பின்னாலிருந்து.

"அவரு வேணாம். எடக்கை." ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டார். "எனக்கு ரெண்டு கையும் ஒழுங்காத்தான் ஈக்கிது."

அலவி சிரிப்பை விழுங்கினான். செசிலிக்கு விழுங்கத் தெரியாது. "ஒவ்வொரு தடவையும் வேற வேற சாரம் கட்டணும் ஹாஜியார். இல்லன்னா கண்டுபிடிச்சிருவாங்க."

திங்கட்கிழமை காலை பத்து மணி. முற்றத்தில் இடப்பக்கத்திலிருந்து நல்ல வெயில். மொஹிதீன் ஹாஜியார் கடையின் பின்கதவால் வெளியே வந்தார். கொழும்பிலிருந்து வந்த புதுச் சாரத்தில் பதினொன்று தோளில் அடுக்கியிருந்தன. பன்னிரண்டாவது இடுப்பில்.

"நான் எங்க நிக்க?" என்றார்.